வாய்க்கால் ரோட்டில் நடக்கிறவர்கள்

சவூதியில், தம்மாமில் இருபது வருஷமாக அலி அஸ்கர் போட்ட நடைபாதைகளில் ஒரு ஈ காக்கை நடந்து அவர் பார்த்ததில்லை. கல் என்றால் அப்படிக் கல். சிவப்பும் சாம்பலுமாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உட்காரும். நூல் பிடித்துப் பதித்து, மணல் தூவி, மேலே இயந்திரத்தை ஓட்டி முடித்தால் குண்டூசி இறங்க இடம் இருக்காது. ஆனால் அந்த வெயிலில் யார் நடப்பார்கள்? எல்லோரும் குளிர்ந்த காருக்குள் உட்கார்ந்து அந்தப் பாதையைத் தாண்டிப் போனார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அலி அஸ்கரும் யாருக்காக என்று கேட்காமல் கல்லைப் பதித்துக்கொண்டே இருந்தார்.

ஊரோடு வந்துவிட்ட பிறகு பார்த்தால் மேலப்பாளையத்தில் எல்லாம் தலைகீழாக இருந்தது. ஊரே நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொழுகைக்குப் போகிற பெரியவர்கள், பீடித் தட்டைத் துணியால் மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போகிற பெண்கள், காய்கறிப் பையோடு சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள். நடக்கத்தான் இடம் இல்லை. ஆட்டோ நிற்கிற இடம் போக, மினி பஸ் ஒதுங்குகிற இடம் போக, கடைக்காரர்கள் வெளியே தள்ளிவைத்த சாமான்கள் போக, மிச்சம் இருந்தது சாக்கடை மூடி ஒன்றுதான். அதிலும் பாதி உடைந்து கிடந்தது.

பாலத்தை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிற சுடலையாண்டியிடம் அவர் இதைச் சொல்லி மாய்ந்து போனார்.

"நடக்காத ஊர்ல போயி பாதை போட்டேன் வே. நடக்குத ஊர்ல பாதையக் காணோம்."

"அப்ப வரும்போது பெட்டியில நாலு கல்லப் பேத்துப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்லா? சென்ட்டு பாட்டிலா எடுத்துட்டு வந்தீரு" என்றார் சுடலையாண்டி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அலி அஸ்கரும் சிரித்துவைத்தார். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்ததற்குக் காரணமே ஒரு சாக்கடை மூடிதான்.

அவர் மனைவி ஜுபைதா பீவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறவள். மாப்பிள்ளை சவூதிக்குப் போய் நாலு காசு வந்த பிறகும் தட்டைக் கீழே வைக்கவில்லை. சும்மா இருந்தால் கை நமநமக்கிறது என்பாள். அவளுக்கு ஒரு லாத்தா, கூடப் பிறந்த அக்கா, உண்டு. சித்தி ஜனாபா என்று பெயர். வாய்க்கால் ரோட்டின் அந்தக் கடைசியில் வீடு. கணவர் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. ஜுபைதா குடியிருப்பது ரோட்டின் இந்தப் பக்கம், ஒரு முடுக்குச் சந்துக்குள். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் ஜுபைதா லாத்தா வீட்டுக்கு நடந்து போவாள். அக்காவும் தங்கையும் ஒரு பானை டீயை நடுவில் வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் பேசுவார்கள். கணவன் கடலுக்கு அப்பால் இருந்த இத்தனை காலமும் ஜுபைதாவைத் தாங்கி நிறுத்தியது அந்த ஒரு வேளைப் பேச்சுதான். இதை அலி அஸ்கர் ரொம்பப் பிந்தித்தான் புரிந்துகொண்டார்.

ஒரு மழைக்கால மாலையில் அப்படிப் போகும்போது பின்னால் ஒரு வேன் உரசுவது போல வந்தது. ஜுபைதா ஒதுங்கிச் சாக்கடை மூடிமேல் காலை வைத்தாள். மூடி கவிழ்ந்தது. கால் உள்ளே போய்க் கணுக்கால் முறிந்தது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். செய்தி கேட்டு வந்த அலி அஸ்கர் திரும்பிப் போகவில்லை. எலும்பு கூடிவிட்டது. இனி தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜுபைதாவும் நடந்தாள், அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து மாடி வரைக்கும். வாசல்படியைத் தாண்டுவதில்லை. ரோட்டிலிருந்து ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொள்ளும்.

லாத்தாவுக்கோ இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கூப்பிடு தூரத்தில் இருந்த அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டார்கள்.

"ஆட்டோ கூப்பிடட்டா? ஏறினா எறங்க வேண்டியதுதானே" என்று அலி அஸ்கர் கேட்டுப் பார்த்தார்.

"லாத்தா வீட்டுக்கு ஆட்டோவுல போக நான் என்ன விருந்தாளியா?" என்றாள் ஜுபைதா. பெருநாளைக்கு மட்டும் ஒரு தடவை ஏறினாள். போகிற வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் பாதை போட்ட மனுஷனுக்குத் தன் வீட்டுக்காரி அவள் அக்கா வீட்டுக்குப் போக ஒரு பாதை போட வழியில்லை. ராத்திரி படுத்தால் இதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

இப்படி இருக்கும்போதுதான் பிரேமலதா வந்தாள். மாநகராட்சியில் உதவிப் பொறியாளர். சின்ன வயது, பெரிய குரல். வார்டு ஆட்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிவைத்துப் பேசினாள். நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பாதை போடுவதற்கென்றே ஒரு நிதி இருக்கிறதாம். வேறு எதற்கும் அதைத் தொட முடியாதாம். ஊர் ஊராக மனுப் போட்டுக் கேட்கிறார்களாம்.

"நாமளும் கேக்கப் போறோம்" என்றாள் பிரேமலதா. "வாய்க்கால் ரோட்டுல கடைகள் இருக்குத பக்கம் நடைபாதை. சாக்கடைய முழுசா மூடி மேல கல்லு பதிக்கணும். வாய்க்கால் கரைப் பக்கம் நடக்குதவங்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவா ஒரு அகலப் பாதை. ஆனா சும்மா கேட்டா தர மாட்டாங்க. எத்தனை பேர் நடக்காங்க, அதுல பெண்கள் எத்தனை பேர்னு எண்ணிக் காட்டணும். பெண்கள் நடக்குத ரோட்டுக்குத்தான் முதல் இடம். எண்ணுததுக்கு இந்த ஊர் ஆளா எனக்கு வேணும்."

அலி அஸ்கர் கை தூக்கினார். மண்டபத்தில் முதலில் எழுந்த கை அதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜுபைதாவிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு குதிப்பு இருந்தது. கல் எந்த நிறத்தில் வர வேண்டும் என்பது வரைக்கும் பேசினார். ஜுபைதா பீடி இலையை வெட்டிக்கொண்டே "ம்" கொட்டினாள்.

எண்ணுகிறவருக்கு இரண்டு கருவிகள் கொடுத்தார்கள். கைக்குள் அடங்குகிறவை. பொத்தானை அமுக்கினால் ஒன்று ஏறும். தொழுகைக்குப் பின் ஓதுகிற திக்ரை எண்ணுவதற்கு இப்போது விரலில் மாட்டிக்கொள்கிறார்களே, அதன் அண்ணன் மாதிரி இருந்தது. வலது கையில் இருப்பது ஆண்களுக்கு, இடது கையில் இருப்பது பெண்களுக்கு. அலி அஸ்கர் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, அத்தர் பூசி, வாய்க்கால் ரோட்டின் நடுமத்தியில் ஒரு நாற்காலியைப் போட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழுந்தது தொழுகைக்கு மட்டும்தான். அந்த நேரத்துக்குப் பிரேமலதாவின் ஆபீஸ் பையன் ஒருவன் உட்கார்ந்தான். ஒரு வாரம் இந்த வேலை நடந்தது. சுடலையாண்டி டீயை அங்கேயே கொடுத்தனுப்பினார்.

வாரக் கடைசியில் கணக்கைக் கூட்டிப் பார்த்த பிரேமலதா அவரை ஆபீசுக்கு வரச்சொன்னாள். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, வாய்க்கால் ரோடு தேறாது போலிருக்கு. ஆம்பளைங்க கணக்கு நல்லாருக்கு. பொம்பளைங்கதான் விரல் விட்டு எண்ணிரலாம். பெண்கள் நடக்காத ரோடுன்னு அவங்க ஒதுக்கிருவாங்க. புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு ரோடு இருக்கு, அதைப் போட்டு மனுவை அனுப்பச் சொல்லுதாங்க. அடுத்த வாரம் கடைசி."

அலி அஸ்கர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "என்ன மேடம் சொல்லுதீக? எங்க ஊர்ல பொம்பளையளே நடக்கலையா? நடக்காம பறந்தா போறாக?"

"எண்ணினது நீங்கதானே அண்ணாச்சி. நானா எண்ணினேன்?"

அவர் எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் ஊர்ப் பெண்கள் மேல்தான் கோபம். சரியாக இந்த வாரம் பார்த்தா எல்லோரும் வீட்டுக்குள் இருந்துகொண்டார்கள் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜுபைதாவிடம் கொட்டித் தீர்த்தார். அப்போது ஜுபைதாவின் பீடியைக் கடைக்கு எடுத்துப் போக வந்திருந்த பக்கத்து முடுக்கு ஷம்ஸியா கதவு ஓரம் நின்றுகொண்டிருந்தாள்.

ஜுபைதா கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, எண்ணுதப்ப நீங்க அவுகளப் பாத்தீகளா?"

"யார?"

"பொம்பளையள."

"அதெப்படிளா பாக்க முடியும்?" என்றார் அலி அஸ்கர். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

ஷம்ஸியா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தினமும் நாங்க தட்டோட கூட்டமாத்தான் போனோம் லாத்தா. எங்களக் கண்டதும் அலி அஸ்கர் காக்கா அங்கிட்டுத் திரும்பி வாய்க்காலப் பாக்க ஆரம்பிச்சிருவாக. நாங்க தாண்டிப் போனப்பொறம்தான் தல நிமிரும். பாவம், ஒரு ஆம்பள ஒத்தையில உக்காந்திருக்காகளேன்னு பாதிப் பேரு முடுக்கு வழியா சுத்திப் போயிட்டோம்."

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேலப்பாளையத்தில் மீசை அரும்புகிற வயதிலேயே ஒரு பையனுக்குப் பழகிவிடுகிற காரியம் இது. எதிரே பெண்கள் வந்தால் ஓரமாக ஒதுங்க வேண்டும், பார்வையைத் தாழ்த்த வேண்டும். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. வாப்பா செய்வதைப் பார்த்து மகன் செய்வான். அப்படிச் செய்கிறவனைத்தான் ஊர் நல்ல பிள்ளை என்று சொல்லும். அலி அஸ்கர் ஊருக்கே நல்ல பிள்ளை. ஒரு வாரம் முழுக்க நல்ல பிள்ளையாகவே உட்கார்ந்து, ரோட்டில் போன அத்தனை பெண்களையும் மரியாதையாகக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் கெடுத்தது நான்தான்ளா" என்று சொல்லி அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜுபைதா ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மறுநாள் ஆபீசுக்குப் போய் அதைச் சொல்வதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிரேமலதா முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு கோபப்பட்டாள்.

"விளையாடுதீங்களா அண்ணாச்சி? மேல இருக்கவங்ககிட்ட என்னன்னு சொல்ல? எங்க ஆளு வெட்கப்பட்டு எண்ணலைன்னா?"

"வெக்கம் இல்ல மேடம். பழக்கம்" என்றார் அலி அஸ்கர் தலையைக் குனிந்தபடி. அப்போதும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைக் கவனித்த பிரேமலதாவுக்குக் கோபம் பாதியில் நின்று சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. ஒரே ஒரு நாள் தாரேன். திரும்ப எண்ணுவோம். ஆனா எண்ணுதது பொம்பளைங்களா இருக்கணும். நீங்க அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. ஆளப் பிடிச்சுக் குடுங்க."

ஆள் பிடிப்பது லேசாக இல்லை. ஷம்ஸியா வழியாக அவர் சொல்லி அனுப்பினார். ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. நடுரோட்டில் குந்தவைத்து ஆள் எண்ணவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கடைசியில் ஷம்ஸியாவே ஒரு வழி சொன்னாள். அவள் வீட்டு முன்னறை ஜன்னல் வாய்க்கால் ரோட்டைப் பார்த்தது. மத்தியான நேரம் அந்த அறையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுவது வழக்கம். ஜன்னலில் மெல்லிய திரை. உள்ளிருந்து பார்த்தால் ரோட்டில் யார் போனாலும் தெரியும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. யார் எந்தக் கடைக்குப் போனாள், யார் வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் சும்மாவே அங்கே தினமும் கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"அமுக்குத கருவியெல்லாம் எங்களுக்குச் சரிப்படாது" என்றாள் ஷம்ஸியா. அன்று சாயங்காலம் அவள் ஜுபைதா வீட்டில் இருந்தாள். "கையி ரெண்டும் பீடியில இருக்கும். ஒரு பொம்பள போனா ஒரு இலையத் தூக்கித் தகர மூடியில போட்டுருவோம். இலை தப்பாது. ஆனா மணிக்கொரு தடவ எழுதி வைக்கணும்னு மேடம் சொல்லுதாக. எங்கள்ல யாரு எழுத?"

அலி அஸ்கர் யோசித்தார். தெருவில் படித்த பெண்கள் உண்டுதான், ஆனால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகிறவர்கள். பகல் முழுக்க உட்கார யாரால் முடியும்?

"நான் எழுதுதேன்" என்றாள் ஜுபைதா.

அவர் திரும்பிப் பார்த்தார். ஜுபைதா இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஷம்ஸியா வீட்டுக்கு முடுக்கு வழியாகவே போய்விடலாம், ரோட்டில் கால் வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாசல்படியைத் தாண்ட வேண்டும். ஏதாவது சொன்னால் அவள் மனசு மாறிவிடுமோ என்று பயந்தார்.

எண்ணுகிற நாளன்று காலையில் ஷம்ஸியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜுபைதா முடுக்கில் இறங்கினாள். பைய, சுவரை ஒட்டி நடந்தாள். அலி அஸ்கர் வேறு வழியாகச் சுற்றி, பாலத்தடி டீக்கடையில் போய் உட்கார்ந்தார். அங்கேதான் இருக்க வேண்டும் என்பது பிரேமலதாவின் உத்தரவு.

"என்ன வே, எண்ணுத உத்தியோகம் போயிட்டா?" என்றார் சுடலையாண்டி.

"போயிட்டு வே. கண்ணு சரியில்லன்னு எடுத்துட்டாக."

பிரேமலதாவும் அந்த முன்னறையில் போய்ப் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்தாள். கையில் அவளும் ஒரு கருவி வைத்திருந்தாள், இலைக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதற்கு. ஆண்கள் கணக்கு ஏற்கெனவே இருந்தது. இன்றைக்குப் பெண்கள்தான்.

மத்தியானம் அலி அஸ்கரின் போன் அடித்தது. ஜுபைதா.

"சாப்பிட்டீகளா?" என்று ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏங்க, எத்தனை பேரு நடக்காக தெரியுமா? இலை போடுத தகர மூடி ரெண்டாவது தடவ நெறஞ்சிட்டு. ஒரு வயித்துப்புள்ளக்காரி போறா. எங்க உம்மா வயசுல ஒருத்தி தலையில மூட்டையோட போறா. நான் ஒண்ணு பாத்தேங்க. நான் விழுந்தேன்லா, அந்தச் சாக்கடை மூடிகிட்ட வந்ததும் எல்லாரும் நின்னு, பின்னால வண்டி வருதான்னு திரும்பிப் பாத்து, ரோட்டுல எறங்கி ஏறுதாக. ஒருத்தி பாக்கி இல்லாம."

"உம்."

"எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சிருந்தேன். எல்லாரும் பயந்துக்கிட்டுத்தாங்க நடக்காக."

"டீ கொடுத்து விடட்டா?" என்று கேட்டார். வேண்டாம், ஷம்ஸியா போட்டுவிட்டாள் என்று சொல்லி ஜுபைதா போனை வைத்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு பிரேமலதா ஸ்கூட்டரில் டீக்கடைக்கு வந்தாள். முந்தின வாரத்து முகம் இல்லை. தலையில் புகையிலைத் தூள் வாசம் அடித்தது.

"அண்ணாச்சி, ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்கதான் ஜாஸ்தி நடக்காங்க. நானே எண்ணிப் பாத்துட்டேன். ரோடு மனுவுக்குள்ள வந்துட்டு. முதல் ரோடே இதுதான்."

அலி அஸ்கர் எழுந்து நின்றுவிட்டார். "பணம் வந்துருமா மேடம்?"

"அது அவங்க கையில இருக்கு. நம்மள மாதிரி எத்தனையோ ஊரு கேக்குது. வரும்னு நான் நம்புதேன். இந்தத் தடவ இல்லாட்டி அடுத்த தடவ கேப்போம். ஆனா ஒண்ணு, வாய்க்கால் ரோட்டுல பெண்கள் நடக்கலைன்னு இனிமே ஒருத்தனும் சொல்ல முடியாது." சுடலையாண்டி நீட்டிய டீயை அவள் நின்றபடியே குடித்தாள். காசை நீட்டியபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். "உடைஞ்ச மூடிய மாத்துததுக்கு நிதியெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, அதை நாளைக்கே மாத்தச் சொல்லிருக்கேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அலி அஸ்கர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த டீயை அவர் ரொம்ப நேரம் ருசித்துக் குடித்தார். பள்ளிவாசலுக்குப் போய் அசர் தொழுதுவிட்டு வந்து மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்தார். மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போனதும் ரோட்டின் ஓரமாக ஒரு பெண் தனியாக வருவது தெரிந்தது. கறுப்புப் புர்கா. பக்கத்தில் யாரும் இல்லை. அலி அஸ்கர் வழக்கம் போலப் பார்வையைத் தாழ்த்தி வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓய்" என்றார் சுடலையாண்டி அடுப்படியிலிருந்து, மெதுவாக. "அங்கன யாரு போறான்னு பாரும்."

"யாரா இருந்தா என்ன வே?"

"பாரும்னா பாரும்."

அலி அஸ்கர் தலையை நிமிர்த்தினார். அந்தப் பெண் இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி வைத்தாள். ஒரு கையால் சுவரையும் கடைக் கம்பிகளையும் தொட்டுக்கொண்டு வந்தாள். உடைந்த மூடி வந்தது. நின்றாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஆட்டோ போகட்டும் என்று விட்டாள். பிறகு ரோட்டில் இறங்கி, மூடியைச் சுற்றி, மறுபடி ஏறினாள்.

அவருக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் எழுந்து போய்க் கையைப் பிடித்தால் அது அவள் நடந்ததாக ஆகாது என்று ஏனோ தோன்றியது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் எடுக்காமல், ஊர் பார்க்கிறதே என்கிற நினைப்பில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் டீக்கடையைத் தாண்டினாள். முகத்தைத் திருப்பவில்லை. அரிசிக் கடையைத் தாண்டினாள். ரோட்டின் கடைசியில் இருக்கிற பச்சைக் கதவுக்கு முன்னால் போய் நின்று, தட்டினாள்.

கதவு திறக்க நேரமானது. உள்ளே இருப்பவள் சுவரைப் பிடித்துத்தானே வர வேண்டும். திறந்ததும் ஒரு கூச்சல் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத, வயதான ஒரு பெண்ணின் கூச்சல். அது வாய்க்கால் ரோடு முழுக்கக் கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். என்ன, ஏது, யாருக்கு என்ன என்று கேட்டார்கள்.

அலி அஸ்கர் கடைத்தெருவில் மனைவியின் பேச்சை எடுக்கிற மனுஷன் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எடுத்ததில்லை. அவர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"ஒண்ணுமில்ல வே. என் வீட்டுக்காரி அவ லாத்தா வீட்டுக்கு நடந்து போயிருக்கா."